142 மேட்ச்... 2 கோல்!

ஒரு சின்ன கேள்வி. மனசுக்குள்ள பதில் சொல்லிட்டு மேல படிங்க.

தன் நாட்டுக்காக 142 மேட்ச் ஆடியிருக்கார் ஒருத்தர். போட்ட கோல் மொத்தமே ரெண்டு. அந்த ரெண்டும் ஒரே மேட்ச்ல, அரை மணி நேரத்துக்குள்ள போட்டது. அதுக்கு முன்னாடியும் ஒண்ணும் இல்லை, அதுக்குப் பின்னாடியும் ஒண்ணும் இல்லை. இந்த ஆளை உங்க டிபார்ட்மென்ட் டீம்ல எடுப்பீங்களா?

'சான்ஸே இல்லை மச்சி, தண்ணி பாட்டில் எடுத்துட்டு வரச் சொல்லு'ன்னு நினைச்சீங்களா? நீங்க தண்ணி எடுத்துட்டு வரச் சொன்னது லிலியன் துராமை. 1998 உலகக் கோப்பையையும் 2000 யூரோ கோப்பையையும் ஜெயிச்ச ஃபிரான்ஸ் டீமோட டிஃபெண்டர். 2008-ல ரிட்டயர் ஆனப்போ ஃபிரான்ஸுக்காக அதிக மேட்ச் ஆடினவர்ங்கற ரெக்கார்டு அவர்கிட்டதான் இருந்தது. 2022 உலகக் கோப்பையில கோல்கீப்பர் ஹ்யூகோ லோரிஸ் தாண்டற வரைக்கும் அது அப்படியே நின்னுச்சு.

டிஃபெண்டர் வேலை இருக்கே, உலகத்துலயே நன்றி கெட்ட வேலை. கிரிக்கெட்லயாவது ஒருத்தர் பவுண்டரி லைன்ல டைவ் அடிச்சு ரெண்டு ரன் தடுத்தா கமென்டேட்டர் வாய் நிறைய பாராட்டுவார். ஃபுட்பால்ல ஒழுங்கா தடுத்தா யாரும் கவனிக்கக்கூட மாட்டாங்க. ஒரே ஒரு தடவை கோட்டை விட்டா போதும், பத்து வருஷம் ரீப்ளே போட்டு மானத்தை வாங்கிடுவாங்க. எங்க மெக்கானிக்கல்காரங்களுக்கு இது ஈஸியா புரியும். பாலம் இடிஞ்சாத்தான் டிசைன் பண்ணின இன்ஜினீயர் பேர் பேப்பர்ல வரும். நாப்பது வருஷம் இடியாம நின்னா? கல்வெட்டுல மந்திரி பேர்தான் இருக்கும்!

நம்ம ஹாஸ்டல் கிரவுண்டுகள்ல டீம் பிரிக்கறதையே பாருங்களேன். வேகமா ஓடறவன், சொந்தமா பூட்ஸ் வெச்சிருக்கறவன், பால் யாரோடதோ அவன்... எல்லாரும் முன்னாடி போயிடுவாங்க. கடைசியா மிஞ்சி நிக்கற ரெண்டு பேரைப் பார்த்து, 'டேய், நீங்க பின்னாடி நின்னுக்கங்கடா'ன்னு ஒரு குரல் வரும். நம்ம ஊர்ல டிஃபெண்டர் பிறக்கறது பெரும்பாலும் இப்படித்தான்.

துராம் பிறந்தது குவாதலூப்ல. 1972, ஜனவரி 1. கரீபியன் கடல்ல இருக்கற சின்னத் தீவுக்கூட்டம் அது. பாரீஸ்லேர்ந்து 6,700 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், சட்டப்படி அதுவும் ஃபிரான்ஸ்தான். ஆப்பிரிக்காவுலேர்ந்து அடிமைகளாகக் கொண்டு போகப்பட்டவங்களோட வம்சம்தான் அங்கே பெரும்பான்மை. 1848-ல அடிமை முறையை ஒழிச்சதும் கரும்புத் தோட்டத்துல வேலைக்கு ஆள் போதலை. உடனே வெள்ளைக்காரத் துரைங்க கண்ணு எங்கே திரும்புச்சு தெரியுமா? நம்ம பக்கம்! 1854-லேர்ந்து பாண்டிச்சேரி, காரைக்கால்னு கப்பல் கப்பலா ஒப்பந்தக் கூலிகளை ஏத்திட்டுப் போனாங்க. அதுல தமிழங்க நிறைய பேர். இன்னிக்கும் குவாதலூப்ல மாரியம்மனுக்குக் கோயில் இருக்கு. சரி, அது தனிக் கதை. நம்ம ஆளுக்கு வருவோம்.

துராமோட அம்மா தனி ஆளா அஞ்சு பிள்ளைகளை வளர்த்தவங்க. 1981-ல பிள்ளைகளோட பாரீஸ் பக்கம் குடிவந்தாங்க. லிலியனுக்கு அப்போ ஒன்பது வயசு. புது ஸ்கூல். அந்தக் காலத்து ஃபிரெஞ்சு டி.வி-யில மாடுகளை வெச்சு ஒரு கார்ட்டூன். அதுல வர்ற கறுப்பு மாட்டோட பேரைச் சொல்லி கிளாஸ் பசங்க இவரைக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. கறுப்பு மாடுன்னா மக்கு, வெள்ளை மாடுன்னா புத்திசாலி. இதுதான் அந்த கிண்டலோட சாரம். குவாதலூப்ல இருந்த வரைக்கும் 'நான் கறுப்பு'ங்கற நினைப்பே தனக்கு வந்ததில்லை, ஒன்பது வயசுலதான் நான் கறுப்பனா ஆனேன்னு பின்னாடி பல பேட்டிகள்ல சொல்லியிருக்கார்.

வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட 'ஏன் இப்படிக் கூப்பிடறாங்க?'ன்னு கேட்டிருக்கார். ஜனங்க அப்படித்தான், அது மாறாதுங்கற மாதிரி அம்மா சொல்லியிருக்காங்க. உழைச்சுக் களைச்சு வந்த அம்மா வேற என்ன சொல்ல முடியும்? ஆனா பையனுக்கு அந்த பதில் பத்தலை. இந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்கங்க. மனுஷன் நாப்பது வருஷத்துக்கு மேல அந்த ஒரே கேள்வியைத்தான் விடாம துரத்திக்கிட்டிருக்கார். நடுவுல கொஞ்ச காலம் ஃபுட்பாலும் ஆடினார், அவ்வளவுதான்!

அந்தக் 'கொஞ்ச கால'த்தை வேகமா சொல்லிடறேன். அந்த ஏரியாவுல போர்ச்சுகல்லேர்ந்து வந்து குடியேறினவங்க நடத்தின ஒரு கிளப்ல சின்ன வயசுல ஆடினார். அப்புறம் மொனாக்கோ. அங்கே இவரை சீனியர் டீம்ல இறக்கிவிட்ட கோச் யாருன்னு நினைக்கறீங்க? ஆர்சென் வெங்கர். அதே வெங்கர்தான், பின்னாடி ஆர்சனல்ல 22 வருஷம் உட்கார்ந்தவர். 1994 ஆகஸ்ட் 17, செக் குடியரசுக்கு எதிரா ஃபிரான்ஸ் ஜெர்ஸியில முதல் மேட்ச். அன்னிக்கு முதல் மேட்ச் ஆடின இன்னொரு பையன் சப்ஸ்டிட்யூட்டா இறங்கி ரெண்டு கோல் போட்டு எல்லா வெளிச்சத்தையும் அள்ளிட்டுப் போயிட்டான். பேர் ஜினடின் ஜிடான். துராமோட ஜாதகம் முதல் நாள்லயே எழுதியாச்சு பாருங்க!

1996-ல இத்தாலிக்கு, பார்மா கிளப்புக்குப் போனார். டிஃபெண்டருக்கு இத்தாலின்னா கர்நாடக சங்கீதக்காரருக்கு மார்கழி சென்னை மாதிரி. அங்கேதான் 'தடுக்கறது'ங்கறதை ஒரு கலையா மதிச்சாங்க. ரொனால்டோ, பத்திஸ்டூட்டா, ஜார்ஜ் வியா, டெல் பியரோன்னு அன்னிக்கு இருந்த பெரிய தலைங்க பாதிப் பேர் அந்த லீக்லதான் ஆடினாங்க. பார்மாவோட பின்வரிசை மூணு பேரைக் கேளுங்க. கோல்கீப்பர் புஃபான். முன்னாடி கனவாரோ, துராம். மூணு பேருமே சின்னப் பசங்க. மூணு பேருமே பின்னாடி உலகக் கோப்பையைத் தூக்கினவங்க. 1999 மே மாசம் மாஸ்கோவுல நடந்த யுஇஎஃப்ஏ கோப்பை ஃபைனல்ல மார்செய் டீமை 3-0-ன்னு துவைச்சு எடுத்தாங்க. அதுல முதல் கோலுக்கு வழிவிட்டது, எதிர் டீம் டிஃபெண்டர் லொரான் பிளான் பண்ணின ஒரு தப்பு. இந்த பிளான் ஒரு வருஷம் முன்னாடிதான் துராம் பக்கத்துல நின்னு ஃபிரான்ஸுக்கு உலகக் கோப்பை ஜெயிச்சுக் கொடுத்தவர். எவ்வளவு பெரிய டிஃபெண்டரா இருந்தாலும் ஒரு செகண்ட் போதும்ங்கறதுக்கு இதைவிட என்ன உதாரணம் வேணும்!

சரி, அந்த ஒரு செகண்டுக்கே வருவோம்.

அந்த 46-வது நிமிஷம்

1998 ஜூலை 8. உலகக் கோப்பை செமி ஃபைனல். பாரீஸ் பக்கத்துல சென் டெனியில இருக்கற ஸ்டேட் டி ஃபிரான்ஸ் மைதானம். ஃபிரான்ஸ், குரோஷியா. நான் பிறக்கறதுக்குச் சில வருஷம் முன்னாடி நடந்த மேட்ச். ஆனா வீடியோவுல எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு கணக்கே இல்லை. நீங்களும் தேடிப் பாருங்க. பார்க்கும்போது ஒரு வேலை செய்யுங்க. பாலைப் பார்க்காதீங்க. ஃபிரான்ஸோட ரைட் பேக்ல நிக்கற 15-ம் நம்பர் ஜெர்ஸியை மட்டும் பாருங்க.

ஃபர்ஸ்ட் ஹாஃப்ல கோல் இல்லை. செகண்ட் ஹாஃப் ஆரம்பிச்சு இன்னும் ஒரு நிமிஷம்கூட ஆகலை. குரோஷியாவோட அசனோவிச் நடுவுல ஒரு பாஸ் தள்றார். ஃபிரான்ஸோட டிஃபெண்டர்கள் எல்லாரும் ஒரே கோட்டுல மேல ஏறி நின்னிருந்தா, பாலுக்கு ஓடின டாவோர் ஷூக்கர் ஆஃப்சைடு. கொடி தூக்கியிருப்பாங்க, கதை முடிஞ்சிருக்கும். ஆனா ஒருத்தர் மட்டும் ஏறலை. ரெண்டு மூணு அடி பின்னாடியே நின்னுட்டார். அவர் நின்ன அந்த ரெண்டு மூணு அடிதான் ஷூக்கருக்குப் பச்சைக்கொடி. ஷூக்கர் சும்மா விடுவாரா? அந்த உலகக் கோப்பையிலேயே அதிக கோல் அடிச்சவர் அவர், மொத்தம் ஆறு. பார்தேஸைத் தாண்டி பாலை உள்ள அனுப்பிட்டார். 1-0, குரோஷியாவுக்கு.

பின்னாடி நின்னவர் துராம்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சொந்த நாட்டுல உலகக் கோப்பை. அதுவரைக்கும் அஞ்சு மேட்ச்ல ஃபிரான்ஸ் வாங்கினது ஒரே ஒரு கோல், அதுவும் டென்மார்க்குக்குக் கொடுத்த பெனால்ட்டி. கால் இறுதியில இத்தாலியை 120 நிமிஷம் கோல் போட விடாம நிறுத்தியாச்சு. இவ்வளவும் கட்டி எழுப்பினது அந்தப் பின்வரிசை. இப்போ எல்லார் கண்ணும் ஒரே ஆள் மேல. டி.வி. முன்னாடி ஒரு நாடே உட்கார்ந்திருக்கு. அதுல சிலருக்கு, இந்த டீம் உண்மையான ஃபிரான்ஸ் டீமான்னே சந்தேகம் வேற. ரெண்டு வருஷம் முன்னாடி, 1996 யூரோ நடந்தப்போதான் தீவிர வலதுசாரித் தலைவர் ழான் மரி லு பென், வெளிநாட்டுக்காரங்களைக் கொண்டு வந்து ஃபிரான்ஸ் டீம்னு பேர் வைக்கறாங்கன்னு பேசியிருந்தார். அப்படிப்பட்ட நேரத்துல தோத்தா யார் தலையில விடியும்னு தனியா சொல்லணுமா?

நமக்கெல்லாம் ஒரு வைவால கேள்விக்கு பதில் தெரியலைன்னாலே அடுத்த நாலு கேள்வி காதுல விழாது. இந்த மனுஷன் என்ன பண்ணினார் தெரியுமா? அடுத்த ஒரு நிமிஷத்துல, குரோஷியாவோட கேப்டன் பொபான் அவங்க கோல் பக்கத்துலயே பாலை வெச்சுக்கிட்டுத் தடுமாறிக்கிட்டிருக்கும்போது ஓடிப் போய்ப் பிடுங்கினார். ஒரு ரைட் பேக்குக்கு அங்கே என்ன வேலைன்னு கேட்காதீங்க. ஜோர்காயெஃப்கிட்ட தள்ளி, திரும்ப வாங்கி, ஒரே உதை. 1-1.

டிஃபெண்டர் ஒருத்தர் ஆவேசத்துல ஒரு கோல் போட்டுட்டார்னு விட்டுடலாம். ஆனா 70-வது நிமிஷம் வாக்குல திரும்பவும் அதே வலது பக்கம், திரும்பவும் முட்டி மோதி பாலைப் பிடுங்கறார். இந்தத் தடவை பெனால்ட்டி பாக்ஸ் விளிம்புலேர்ந்து, இடது காலால. கவனிங்க, இடது கால். அவரோட கால் வலது. பால் வளைஞ்சு போய் தூரத்து மூலையில உட்கார்ந்துச்சு. 2-1.

அதுக்கப்புறம் அவர் நின்ன போஸ்தான் இன்னிக்கு வரைக்கும் போஸ்டர்ல இருக்கு. ஓடலை, சட்டையைக் கழட்டலை, கத்தலை. முட்டி போட்டு உட்கார்ந்து, விரலை உதட்டுல வெச்சுக்கிட்டு, ஏதோ கணக்கு உதைக்குதேங்கற மாதிரி யோசிச்சுக்கிட்டிருந்தார். 'இதை நானா பண்ணினேன்?'ங்கற முகம். ஸ்டேடியமே அதிருது, கோல் போட்ட ஆள் மட்டும் சைலன்ட்.

அதோட நிம்மதியா முடிஞ்சுதா? இல்லை. கொஞ்ச நேரத்துல பிளானுக்கு ரெட் கார்டு. பத்தே பேரோட கடைசி கால் மணி நேரத்தை ஓட்டணும். அப்போ துராம் திரும்பவும் தன் பழைய வேலைக்கு வந்துட்டார், அதாவது எதுவும் நடக்காம பார்த்துக்கற வேலை. ஹைலைட்ஸ்ல இந்தப் பகுதி இருக்காது. முழு மேட்ச் கிடைச்சா பாருங்க, என்னைப் பொறுத்தவரைக்கும் ரெண்டு கோலையும்விட அதுதான் பெருசு.

நாலு நாள் கழிச்சு ஃபைனல். பிரேசிலை 3-0. ஜிடான் தலையால ரெண்டு. அன்னிக்கு ராத்திரி பாரீஸோட வெற்றி வளைவு மேல ஒளியில தெரிஞ்ச முகம் ஜிடானோடது. ஏழு மேட்ச்ல மொத்தமே ரெண்டு கோல்தான் வாங்கினாங்கங்கறது புள்ளிவிவரப் பக்கத்துல ஒரு வரி. ஆனா ஒண்ணு, அந்த உலகக் கோப்பையோட சிறந்த ஆட்டக்காரர் வரிசையில ரொனால்டோவுக்கும் ஷூக்கருக்கும் அடுத்து மூணாவது இடம் துராமுக்குத்தான். வெண்கலப் பந்து. இத்தனைக்கும் அவருக்குப் பிடிச்ச இடம் சென்டர் பேக். கோச் எமே ஜாக்கே ரைட் பேக்ல நில்லுன்னார், நின்னார். 2004-ல தன் வாழ்க்கையைப் பத்தி எழுதின புத்தகத்துக்கு அவர் வெச்ச பேரே அந்தத் தேதிதான், '8 ஜூலை 1998'.

கொண்டாட்டம் முடிஞ்சப்புறம்

ஜெயிச்சதும் ஃபிரான்ஸே ஒரு மாதிரி மாறிப்போச்சு. கானாவுல பிறந்த டெசாய்லி, செனகல்ல பிறந்த வியெரா, அல்ஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த ஜிடான், குவாதலூப் துராம், பசிஃபிக் கடல்ல நியூ கலெடோனியாவுலேர்ந்து வந்த கரம்பூ... 'கறுப்பு, வெள்ளை, அரபு எல்லாம் ஒண்ணு'ங்கற மாதிரி ஒரு கோஷம் தெருவெல்லாம். இனிமே எல்லாம் சரியாயிடும்னு நிறைய பேர் நம்பினாங்க. ஒரு கோப்பையால எவ்வளவுதான் செய்ய முடியும்?

அது தெரியறதுக்கு மூணு வருஷம் போதுமா இருந்துச்சு. 2001 அக்டோபர் 6, அதே மைதானம். ஃபிரான்ஸும் அல்ஜீரியாவும் மோதற நட்பு ஆட்டம். 1962-ல ஃபிரான்ஸ்கிட்டேர்ந்து அல்ஜீரியா விடுதலை வாங்கினதுக்கு அப்புறம் ரெண்டு நாட்டு சீனியர் டீமும் நேருக்கு நேர் நின்ன முதல் மேட்ச். தேசிய கீதத்துக்கே கூட்டத்துலேர்ந்து விசில், கூச்சல். 4-1-ன்னு ஃபிரான்ஸ் முன்னாடி இருந்தப்போ, 76-வது நிமிஷம், பசங்க வேலி தாண்டி மைதானத்துக்குள்ள இறங்கிட்டாங்க. பெரும்பாலும் அக்கம்பக்கத்துல வளர்ந்த அரபு வம்சாவளிப் பசங்க. மேட்ச் அத்தோட குளோஸ்.

எல்லா பிளேயரும் டிரெஸ்ஸிங் ரூமைப் பார்த்து ஓடறாங்க. துராம் போகலை. உள்ள ஓடி வந்த ஒரு பையனோட கையைப் பிடிச்சு நிறுத்தி, கோபத்துல திட்டிக்கிட்டிருந்தார். நீ என்ன பண்றேன்னு உனக்குப் புரியுதா, இதனால உன்னை மாதிரிப் பசங்க எல்லாருக்கும்தான் கெட்ட பேருங்கற ஆதங்கம். பார்த்தா ஸ்டார் பிளேயர் மாதிரியே இருக்காது. தெருமுனையில வம்பு பண்ற தம்பியைக் காதைத் திருகி வீட்டுக்கு இழுத்துட்டுப் போற அண்ணன் மாதிரி இருக்கும். எனக்கு துராம்னா முதல்ல ஞாபகம் வர்றது கோல் போட்ட படம் இல்லை, இதுதான்.

கிளப் பக்கம் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. 2001-ல புஃபானோட சேர்ந்து யுவென்டஸ். வரிசையா லீக் பட்டங்கள். அதுல ரெண்டை 2006-ல வெடிச்ச இத்தாலி மேட்ச் ஊழல் விவகாரத்துல கிளப்கிட்டேர்ந்து பறிச்சுட்டாங்க. கிளப்பையே ரெண்டாவது டிவிஷனுக்குத் தள்ளினாங்க. இவர் பார்சிலோனாவுக்குப் போனார்.

அதுக்கு நடுவுல நடந்ததுதான் முக்கியம். 2005 அக்டோபர் கடைசியில பாரீஸ் புறநகர்ல போலீஸுக்கு பயந்து ஒளிஞ்ச ரெண்டு பசங்க கரன்ட் அடிச்சு செத்துப் போனாங்க. புறநகரெல்லாம் பத்தி எரிஞ்சுது. அப்போ உள்துறை மந்திரியா இருந்த சர்கோசி, அங்கே இருக்கற பசங்களைக் குப்பைகள்ங்கற மாதிரி ஒரு வார்த்தையில சொல்லிட்டார். அதுக்கு முன்னாடியே, அந்த ஏரியாவை எல்லாம் பிரஷர் போட்டுத் தண்ணி அடிச்சுக் கழுவணும்னு வேற பேசியிருந்தார். டீம்ல இருந்துக்கிட்டே மைக் முன்னாடி வந்து துராம் பதில் சொன்னார். நானும் அந்தப் புறநகர்ல வளர்ந்தவன்தான், அப்போ இது என்னையும் சேர்த்துச் சொன்னதுதானே, நான் குப்பை கிடையாதுங்கறதுதான் அதோட சாரம். அடுத்த வருஷம் செப்டம்பர்ல இன்னும் ஒரு படி மேல. கஷான்ங்கற ஊர்ல தங்கியிருந்த ஒரு கட்டடத்துலேர்ந்து போலீஸ் வெளியேத்தின குடியேறிகள் சுமார் 80 பேரை, ஃபிரான்ஸ் - இத்தாலி மேட்ச் பார்க்க துராமும் வியெராவும் விருந்தாளிகளா கூப்பிட்டாங்க. நம்ம ஊர்ல ஒரு ஸ்டார் பிளேயர் ஆட்டத்துல இருக்கும்போதே இப்படி மந்திரியோட மல்லுக்கு நிப்பாரா? நீங்களே சொல்லுங்க.

இந்த ரெண்டு சம்பவத்துக்கும் நடுவுலதான் 2006 உலகக் கோப்பை. 2004-லயே தேசிய டீமுக்கு டாட்டா காட்டினவர், 2005-ல ஜிடான், மக்கலேலேயோட சேர்ந்து திரும்பி வந்தார். இப்போ தனக்குப் பிடிச்ச சென்டர் பேக்ல. 34 வயசு. ஏழு மேட்ச்ல ஃபிரான்ஸ் வாங்கினது மூணே கோல். போர்ச்சுகல்லோட செமி ஃபைனல்ல கிறிஸ்டியானோ ரொனால்டோ, ஃபிகோ எல்லாரையும் நிறுத்தி மேன் ஆஃப் த மேட்ச் வாங்கினார். ஃபைனல்ல எதிர்ப்பக்கம் யார்? பார்மாவுல தோளோட தோள் நின்ன அதே புஃபான், அதே கனவாரோ. பெனால்ட்டியில இத்தாலி ஜெயிச்சுது. ஆனா அந்த ஃபைனல்னதும் உங்களுக்கு ஞாபகம் வர்றது என்ன? ஜிடான் தலையால மாட்டராஸி நெஞ்சுல முட்டினது. வேற யாராவது ஆடினாங்களான்னுகூட நமக்கு ஞாபகம் இல்லை!

2008 யூரோவுல அவர்தான் கேப்டன். ஹாலந்துக்கு எதிரா நடந்த மேட்ச் அவரோட 142-வது. 4-1-ன்னு தோல்வி. வாழ்நாள் முழுக்கத் தடுத்தவரோட கடைசி மேட்ச்ல நாலு கோல். ஆனாலும் கிளப் ஆட்டத்தை விடறதா இல்லை. பாரீஸ் சென் ஜெர்மன் டீம்ல சேர எல்லாம் பேசியாச்சு. சேர்றதுக்கு முன்னாடி ஒரு மெடிக்கல் டெஸ்ட். அதுல தெரிஞ்சுது, இதயத்துல பிறவிக் கோளாறு. அவரோட சகோதரர் ஒருத்தர் பாஸ்கெட்பால் ஆடிக்கிட்டிருக்கும்போதே இதே மாதிரிக் கோளாறுல இறந்து போனவர். 17 வருஷத்துக்கு மேல அந்த இதயத்தோடதான் உலகத்துலயே வேகமா ஓடற ஆளுங்களை எல்லாம் துரத்திப் பிடிச்சிருக்கார். 2008 ஆகஸ்ட்ல, 36 வயசுல, போதும்னு நிறுத்திட்டார்.

ஸ்டார் பிளேயர் ரிட்டயர் ஆனா அடுத்து என்ன? கோச், கமென்டரி, விளம்பரம். துராம் அதே வருஷம் ஒரு அறக்கட்டளை ஆரம்பிச்சார். பேர்லயே 'இனவெறிக்கு எதிரான கல்வி'ன்னு இருக்கும். அவர் வாதம் ரொம்ப சிம்பிள். யாரும் இனவெறியோட பிறக்கறதில்லை, கத்துக்கறாங்க. கத்துக்கற விஷயம்னா வேற மாதிரியும் கத்துக்கொடுக்கலாமே! ஸ்கூல் ஸ்கூலா போய்ப் பசங்களோட உட்கார்ந்து பேச ஆரம்பிச்சார். ஒன்பது வயசுல அம்மாகிட்ட கேட்ட கேள்வி, இப்போ கிளாஸ்ரூம்ல. 2010-ல 'என் கறுப்பு நட்சத்திரங்கள்'னு ஒரு புத்தகம். ஆதி மனுஷி லூசியில ஆரம்பிச்சு பராக் ஒபாமா வரைக்கும். ஸ்கூல்ல படிக்கும்போது கறுப்பின மக்களைப் பத்தி தான் முதல் தடவையா கேள்விப்பட்டதே அடிமை வியாபாரப் பாடத்துலதான், அதுக்கு முன்னாடி எங்களுக்கு வரலாறே இல்லையாங்கற கேள்விதான் அந்தப் புத்தகத்துக்கு வித்து.

2011-ல பாரீஸ்ல ஒரு பெரிய மியூசியம் கண்காட்சிக்குப் பொறுப்பேத்துக்கிட்டார். விஷயம் என்ன தெரியுமா? ஒரு காலத்துல ஐரோப்பாவுல மிருகக் காட்சிசாலைகள்லயும் கண்காட்சிகள்லயும் மத்த கண்டத்து மனுஷங்களைக் கொண்டு வந்து வேடிக்கைப் பொருளா நிறுத்தின வரலாறு. படிக்கும்போதே வயித்தைப் புரட்டும். ரொம்பப் பழசுன்னு நினைக்காதீங்க. துராமோட ஒரே டீம்ல ஆடி கோப்பை ஜெயிச்ச கரம்பூவோட கொள்ளுத்தாத்தா, 1931 குடியேற்ற நாடுகள் கண்காட்சி சமயத்துல, நர மாமிசம் தின்னறவர்னு சொல்லி பாரீஸ்ல காட்சிக்கு வைக்கப்பட்டவர். அவரோட கொள்ளுப்பேரன் அதே ஊர்ல உலகக் கோப்பையைத் தூக்கினப்போ தேசிய கீதம் பாடாம வாயை மூடிக்கிட்டு நின்னார்னா அதுல என்ன ஆச்சரியம்?

இப்படி எல்லாம் சொல்றதால துராமை எல்லாரும் தலைமேல வெச்சுக் கொண்டாடறாங்கன்னு நினைச்சுடாதீங்க. 2010 உலகக் கோப்பையில ஃபிரான்ஸ் பிளேயர்கள் பிராக்டீஸுக்கு வர மாட்டோம்னு ஸ்டிரைக் பண்ணினப்போ, கேப்டன் பாட்ரிஸ் எவ்ராவை இனிமே டீம்லயே சேர்க்கக்கூடாதுன்னு கறாரா நின்னவர் துராம். எவ்ராவுக்குச் செம கடுப்பு. தொப்பியும் கண்ணாடியும் போட்டுக்கிட்டா மால்கம் எக்ஸ் ஆயிட முடியாதுங்கற மாதிரி பதிலடி கொடுத்தார். 2019-ல, இத்தாலியில லுக்காக்குவைப் பார்த்து கூட்டம் குரங்கு மாதிரி கத்தினதைப் பத்திப் பேசும்போது, வெள்ளைக்காரங்க தங்களை உசத்தின்னு நினைக்கறாங்கங்கற மாதிரி துராம் சொன்னது பெரிய சர்ச்சை. நீதான் இனவெறியன்னு திருப்பித் திட்டினாங்க. இனவெறியை எதிர்க்கற அமைப்பே ஒண்ணு கண்டிச்சது. நான் ஒரு மொத்த இனத்தைச் சொல்லலை, காலங்காலமா ஊறிப்போன ஒரு நினைப்பைத்தான் சொல்றேங்கறது அவர் பக்கம். அடுத்த வருஷமே 'வெள்ளைச் சிந்தனை'ன்னு புத்தகமே போட்டுட்டார். எனக்கு என்ன தோணுதுன்னா, எவ்ரா விஷயத்துல அவர் கொஞ்சம் ஓவர். 2001-ல ஒரு பையன் கையைப் பிடிச்சு நிறுத்திப் பேசினவர், சொந்த டீம்காரர்கிட்டயும் அப்படிப் பேசியிருக்கலாம். இந்த ரெண்டாவது விஷயத்துல, கேள்விக்கு பதில் சொல்லாம கேட்டவர் மேல பாய்ஞ்சாங்கன்னுதான் படுது. நீங்க வேற மாதிரி நினைக்கலாம். பேட்டிகள், புத்தகங்கள் எல்லாம் கிடைக்குது, படிச்சுட்டு சண்டைக்கு வாங்க!

துராமுக்கு ரெண்டு பசங்க. அப்பா பார்மாவுல ஆடின காலத்துல இத்தாலியில பிறந்தவங்க. பெரியவர் மார்க்கஸ், கறுப்பின மக்களுக்காகப் போராடின மார்க்கஸ் கார்வியோட பேர். சின்னவர் கெஃப்ரென், எகிப்து மன்னரோட பேர். பேர் வைக்கறதுலகூட மனுஷன் பாடம் எடுக்கறதை விடலை! ரெண்டு பேரும் ஃபுட்பாலர்கள், ரெண்டு பேருமே டிஃபெண்டர் இல்லை. மார்க்கஸ் முன்வரிசை, கெஃப்ரென் நடுவரிசை. 2022 உலகக் கோப்பை ஃபைனல் பார்த்தீங்கல்ல? எம்பாப்பே பறந்து உதைச்ச அந்த ரெண்டாவது கோலுக்கு பாலைத் தூக்கிக் கொடுத்தது மார்க்கஸ்தான்.

2025 செப்டம்பர் 13, டூரின். அப்பா ஆடின யுவென்டஸ்ல கெஃப்ரென், எதிர் டீம் இன்டர்ல மார்க்கஸ். மொத்தம் ஏழு கோல் விழுந்த மேட்ச், 4-3-ன்னு யுவென்டஸ் ஜெயிச்சுது. அண்ணன் ஒரு கோல் போட்டார். கொஞ்ச நேரத்துல தம்பி ஒண்ணு போட்டார். அப்பா 142 மேட்ச்ல நாட்டுக்காகப் போட்ட மொத்தக் கணக்கை, பசங்க ஒரே ராத்திரியில ஆளுக்கு ஒண்ணா போட்டு முடிச்சுட்டாங்க. ரெண்டு பக்கமும் பின்னாடி நின்ன டிஃபெண்டர்கள் பாவம்!